பிரிம்லி – எல்ஸ்மியர் இரண்டறைக் கொண்டோ: அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை

மல்லிகைப்பந்தல் | திங்கள், இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நாலு பேர்: நான், கணவர், ஆறு வயது மகன், அம்மா. ரொறன்ரோவில், மல்வேன் பகுதியில் ஒரு பேஸ்மெண்டில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. பதினொரு படி ஏறி வெளியே வருவதற்குள் எங்கே போக வந்தேன் என்று கேட்கிறார். ஆகவே லிப்ட் உள்ள கட்டடத்தில் கொண்டோ, அதாவது மாடிக்கட்டடத்தில் சொந்தமாக வாங்குகிற வீடு, பார்க்கத் தொடங்கினோம். பிரிம்லி – எல்ஸ்மியர் சந்திப் பக்கம், ஸ்காபரோ ரவுண் சென்ரர் கடைத்தொகுதிக்குக் கிட்ட இரண்டு இடம் மனதில் நிற்கிறது.

ஒன்று, 1989இல் கட்டியது. 9ஆம் மாடி, 1,040 சதுர அடி, இரண்டு அறை, ஒரு சோலாரியம் (கண்ணாடி அறை), இரண்டு குளியலறை, ஒரு கார் நிறுத்துமிடம். கேட்கிற விலை 519,000 டொலர். பராமரிப்புக் கட்டணம் மாதம் 915; தண்ணீர், சூடு, மின்சாரம் எல்லாம் அதற்குள்ளே. சொத்துவரி வருடத்துக்கு 1,740. குசினி பழசு, தரைவிரிப்பு அதைவிடப் பழசு.

மற்றது 2004 கட்டடம். 22ஆம் மாடி, 760 சதுர அடி, 489,000. கட்டணம் 560, மின்சாரம் தனி. குசினியை வடிவாகத் திருத்தியிருக்கிறார்கள். இப்போது வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலாவதைப் பார்க்கப் போனபோது அம்மாவை லொபியில் இருத்திவிட்டு மேலே போனோம். திரும்பி வந்தால் ஒரு சீனத்து ஆச்சியும் அம்மாவும் ஆளுக்கு ஆள் முழங்காலைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சீனம் தெரியாது, ஆச்சிக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது. எந்த எண்ணெய் பூசுவது என்பதுவரை கதை போயிருக்கிறது. "வீட்டைப் பார்க்கவில்லையா அம்மா?" என்றால், "பார்த்தாச்சு" என்கிறார்.

ரொறன்ரோவுக்கு வெளியே ஏஜாக்ஸில் இருக்கிற அண்ணாவுக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. காணி இல்லாததெல்லாம் ஒரு வீடா என்கிறார். வீடு பார்த்துத் தருகிற ஏஜெண்டும் எங்கள் உறவுக்காரர்தான். நிபந்தனை ஒன்றும் போடாமல் கெதியாக ஒப்பர், அதாவது வாங்குவதற்கான விலைக்கடிதம், கொடுங்கள் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான் | திங்கள், இரவு 10:15

தங்கச்சி, உங்கட அண்ணா சொல்லுறதுதான் சரி. மாதம் 915 டொலர். வருடம் 10,980. பத்து வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேலே. அதில் ஒரு சதம் உங்களுக்குத் திரும்பி வராது. வட்டிகூட ஒரு நாளைக்கு முடியும், கட்டணம் முடியவே முடியாது. ஏஜாக்ஸ், ஒஷாவாப் பக்கம் பழைய ரவுண்ஹவுஸ் (தொடர்வீடு) ஒன்றைப் பாருங்கள். கீழே பேஸ்மெண்டை வாடகைக்குக் கொடுத்தால் அதுவே பாதிக் கடனைக் கட்டும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஏறி வந்தோம்.

பதினேழாம்_மாடி | திங்கள், இரவு 11:03

//அதில் ஒரு சதம் உங்களுக்குத் திரும்பி வராது//

அண்ணை, உங்கள் வீட்டுக்கூரை மாற்ற எவ்வளவு போனது? போன மாரியில் வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸ் செத்ததுக்கு எவ்வளவு? அதெல்லாம் திரும்பி வந்ததா? கொண்டோவில் அதை மாதாமாதம் வாங்குகிறார்கள், உங்களிடம் ஒரேயடியாக வாங்குகிறார்கள். மின்சாரமும் சூடும் உள்ளே இருக்கிற 915ஐயும், மின்சாரம் இல்லாத 560ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது. சதுர அடிக்குப் பிரித்தால் முதலாவது 88 சதம், மற்றது 74 சதம். மின்சாரத்தைக் கூட்டினால் வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

மல்லிகை, நான் இதே சுற்றுவட்டாரத்தில் இருபத்திரண்டு வருடம் கொண்டோவில் இருக்கிறேன். ஆறு வருடம் கட்டடத்தை நடத்துகிற வீட்டுக்காரர் சபையான போர்ட்டிலும் இருந்து தலைமயிர் நரைத்தவள். நாளைக்கு ஆறுதலாக எழுதுகிறேன். அதற்கு முதல் ஒன்று: நிபந்தனை இல்லாமல் ஒப்பர் கொடுக்கச் சொல்லுகிற ஏஜெண்ட் சொந்தமாக இருந்தால் என்ன, அந்நியமாக இருந்தால் என்ன, அந்தச் சொல்லை மட்டும் கேட்காதேங்கோ.

குழாய்க்காரன் | செவ்வாய், காலை 6:20

வேலைக்குப் போகுமுன் ஒரு வரி. 2004 கட்டடம் என்கிறீர்கள். சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து சுவரிலிருந்து வருகிற குழாயைப் பாருங்கள். சுடுதண்ணீர்க் குழாய் செம்மஞ்சள், குளிர்தண்ணீர்க் குழாய் நீலம் என்று இருந்தால் அது பெரும்பாலும் கைடெக். பிளாஸ்ரிக்குக்கு நடுவில் அலுமினியம் வைத்த குழாய். 1995 தொடக்கம் 2007 வரை விற்றார்கள். இணைப்பில் உள்ள பித்தளை அரித்து வெடிக்கும். அதுக்கு எதிராகப் பெரிய வழக்கு நடந்து நட்டஈடும் வந்தது. விண்ணப்பிக்கிற கெடு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இனி மாற்றுகிற செலவு உங்கள் தலையில்தான்.

வடிவாகத் திருத்திய குசினி என்றால் இன்னும் கவனம். அழகான ரைல்ஸுக்குப் பின்னால் பழைய குழாயை அப்படியே விட்டுப்போட்டுப் பூசியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் செய்த இரண்டறை வேலைகளில் 5,000 டொலருக்குக் கீழே ஒன்றும் முடிந்ததில்லை. சுவரை வெட்டிப் பூசிப் பெயின்ற் அடிப்பது வேறு.

1989இல் கட்டியதில் இந்தக் கரைச்சல் இருக்காது. அது பெரும்பாலும் செப்புக் குழாய்க் காலம்.

கணக்கப்பிள்ளை | செவ்வாய், பகல் 12:40

சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 519,000ஐ வைத்தே சொல்லுகிறேன்.

முதல் ஐந்து லட்சத்துக்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம் முற்பணமாகக் கட்டவேண்டும். ஆகக் குறைந்தது 26,900 டொலர். நீங்கள் 10 வீதம், அதாவது 51,900 போடுகிறீர்கள் என்று வைப்போம். கடன் 467,100. இருபது வீதத்துக்குக் குறைவாகப் போட்டால் மோட்கேஜ் (வீட்டுக்கடன்) காப்புறுதி கட்டாயம், அது 3.1 வீதம், 14,480 டொலர். அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காப்புறுதிக்கு ஒன்ராறியோ 8 வீத விற்பனை வரி போடும். அந்த 1,158ஐக் கையில் இருந்துதான் கட்டவேண்டும். இதை யாரும் முதலில் சொல்லமாட்டார்கள்.

25 வருடம், 4.2 வீத வட்டி என்றால் மாதம் ஏறக்குறைய 2,585. அதோடு 915, சொத்துவரி 145. மொத்தம் 3,645 அளவில் வரும். உங்களால் கடனைக் கட்ட ஏலுமா என்று வங்கி 4.2இல் சோதிக்காது, இரண்டு வீதம் கூட்டி 6.2இல்தான் சோதிக்கும். பராமரிப்புக் கட்டணத்தில் பாதியையும் கணக்கில் எடுக்கும். உங்கள் இருவரின் வருமானமும் சேர்ந்து 115,000க்கு மேலே இருக்கவேண்டும் என்பது என் மதிப்பு, கார்க்கடன் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு.

அடுத்தது லாண்ட் ட்ரான்ஸ்பர் டாக்ஸ், சொத்து கைமாறும்போது வாங்குகிறவர் கட்டுகிற வரி. மாகாணத்துக்கு 6,855. ரொறன்ரோ நகரத்துக்கு இன்னொரு 6,855. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் பக்கம் போனால் இந்த இரண்டாவது இல்லை. ஆனால் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மாகாணம் 4,000, நகரம் 4,475 வரைக்கும் கழிக்கும். நீங்கள் முதல் வீடுதானே? அப்போ 13,710இல் 8,475 போக 5,235தான் மிச்சம்.

வடமராட்சியான் | செவ்வாய், பகல் 1:05

காணியே இல்லாத வீட்டுக்குக் காணி மாற்று வரி! அதுவும் இரண்டு தரம்!

மதுரையிலிருந்து_மார்க்கம் | செவ்வாய், மாலை 5:50

என் கதையையும் சொல்லிடறேன். 2021ல் கட்டாத கொண்டோ ஒன்றை படம் பார்த்தே வாங்கினேன். இரண்டு பெட்ரூம் என்று பெயர், மொத்தமே 640 சதுர அடி. இரண்டாவது அறைக்கு ஜன்னலே கிடையாது, ஹாலைப் பார்த்த ஒரு கண்ணாடிக் கதவு மட்டும். அதில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. சாவி கையில் வாங்கும் நேரத்தில் பேங்க் மதிப்பு போட்டது, நான் ஒத்துக்கொண்ட விலையைவிட 90,000 டாலர் கம்மி. அந்த வித்தியாசத்தை ஊரில் இருந்த மனையை விற்றுக் கொண்டுவந்து கட்டினேன்.

அதனால் கொண்டோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1,040 சதுர அடி இரண்டு பெட்ரூம் இப்போது யாரும் கட்டுவதில்லை. ஐந்து வருஷம் கழித்து விலை ஏறும் என்று வாங்காதீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். குடியிருக்க வாங்குகிறவர்கள் அளவு நாடாவோடு போங்கள், அழகான விளம்பரப் படத்தில் கட்டில் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

பதினேழாம்_மாடி | செவ்வாய், இரவு 9:30

சொன்னபடி வந்துவிட்டேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாசியுங்கோ, நீளம்.

முதலில் கீழே இறங்குங்கள், நிலக்கீழ்க் கார் நிறுத்துமிடத்துக்கு. 1980களில் கட்டிய கட்டடங்களுக்கு வியாதி அங்கேதான் வரும். மாரிகாலம் முழுக்கப் பனியைக் கரைக்கத் தெருவில் கொட்டுகிற உப்பு கார்ச் சக்கரத்தோடு உள்ளே வருகிறது. தண்ணீரோடு கலந்து கொங்கிறீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. அதைத் தடுக்க மேலே ஒரு படலம் பூசியிருப்பார்கள். அது தேய்ந்தால் புதுப்பிக்க வேண்டும். கூரையில் வெள்ளைக் கோடுகள், துருக்கறை, தண்ணீரை ஏந்துவதற்குத் தொங்கவிட்ட தகரத் தட்டு இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கட்டடத்தில் போர்ட் வருடக்கணக்காகக் கட்டணத்தைக் கூட்டாமல் நல்லபெயர் வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது: என் பங்கு 8,400 டொலர், மூன்று தவணை. கட்டாவிட்டால் வீட்டின் மேல் உரிமைப்பதிவு போடுவார்கள், அது வங்கிக் கடனுக்கும் முன்னால் நிற்கும். அன்றைக்குத்தான் நானே அடுத்த வருடக் கூட்டத்தில் போர்ட்டுக்கு நின்றேன், கோபத்தில்.

எந்தக் கட்டடத்தில் கட்டணம் ஒரு வருடமும் கூடவில்லையோ, அதைப் பார்த்துத்தான் பயப்படவேண்டும்.

அடுத்தது சூடும் குளிரும். பழைய கட்டடங்களில் இரண்டு குழாய் முறை. ஒரே குழாயில் மாரிக்குச் சுடுதண்ணீர், கோடைக்குக் குளிர்தண்ணீர். கட்டடம் முழுவதையும் ஒரே நாளில்தான் மாற்றுவார்கள். மே மாதம் திடீரென்று வெயில் எறித்தால் ஏசி கிடையாது, யன்னலைத் திறந்துவைத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான். அறையில் உள்ள விசிறிப் பெட்டி பல கட்டடங்களில் உங்கள் பொறுப்பு. யாருடையது என்று கேட்டு வையுங்கள்.

சோலாரியத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மூன்று பக்கம் கண்ணாடி. மாரியில் குளிரும், ஆடியில் வேகும். எங்கள் மாடியில் ஒருவர் அதில் சாமிப்படம் வைத்திருக்கிறார், பக்கத்துக் கயானாக்காரர் கறிவேப்பிலை வளர்க்கிறார், இன்னொருவர் ஒரு மாணவனை வாடகைக்கே இருத்தியிருந்தார் (போர்ட் கண்டுபிடித்து நிறுத்தியது). மகனுக்குப் படிக்கிற இடமாகச் சரிவரும். அம்மாவைப் படுக்க வைக்காதேங்கோ.

இனி மணம். எங்கள் ஆட்கள் கேட்க வெட்கப்படுகிற விசயம், நானே சொல்லிவிடுகிறேன். ஒரு முறை எனக்கு நிர்வாகக் கொம்பனியில் இருந்து கடிதம் வந்தது. உங்கள் வீட்டில் இருந்து மீன் மணம் நடைபாதைக்கு வருகிறது என்று முறைப்பாடாம். அந்தக் கிழமை நான் சூரன்போர் விரதம்! மரக்கறிகூட ஒரு நேரம்தான். விசாரித்தால், மூன்று கதவு தள்ளி இருக்கிற பிலிப்பைன்ஸ் குடும்பம் கருவாடு பொரித்திருக்கிறது. அவர்களும் எங்களைப்போல விடியவே பொரிப்பார்கள். கருவாடு என்றால் தமிழ் வீடு என்று அலுவலகத்தில் இருந்தவர் தானாக முடிவு செய்துவிட்டார். நான் அந்த மனுசியிடம் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். இப்போது இரண்டு பேரும் ஒரே கடையில்தான் வாங்குகிறோம்.

ஆனால் காரணத்தைத் தெரிந்து வையுங்கள். நடைபாதையில் காற்றை அழுத்தி விடுவார்கள், அது கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியால் வீட்டுக்குள் வரும். அந்த ஓட்டம் இருக்கிறவரை உங்கள் மணம் வெளியே போகாது. குளிர் வருகிறது, சத்தம் வருகிறது என்று சனம் அந்த இடைவெளியைத் துணி வைத்து அடைக்கும். அதோடு எல்லாம் குழம்பும். அடுப்புக்கு மேலே உள்ள விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, அல்லது கரி வடிகட்டியால் இழுத்துத் திரும்ப உங்கள் முகத்திலேயே ஊதுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். 2022 ஜனவரியில் இருந்து மணம், சத்தம், புகை பற்றிய தகராறுகளை ஒன்ராறியோவின் கொண்டோ தீர்ப்பாயத்துக்கே கொண்டுபோகலாம். கதவைத் தட்டிக் கதைப்பது அதைவிடக் கெதி.

வடமராட்சியான் | செவ்வாய், இரவு 10:10

பிள்ளை, நீங்கள் கொண்டோவை விற்கிறீர்களா, பயப்படுத்துகிறீர்களா?

பதினேழாம்_மாடி | செவ்வாய், இரவு 10:14

இரண்டும் அண்ணை.

அரைவக்கீல் | புதன், காலை 8:05

நான் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் எழுதுவினைஞர், சட்டத்தரணி அல்ல. இதை ஆலோசனையாக எடுக்காமல், உங்கள் லோயரிடம் கேட்கவேண்டிய கேள்விகளாக எடுங்கள்.

ஒப்பரில் ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேட்டை லோயர் பார்த்துத் திருப்திப்படவேண்டும் என்ற நிபந்தனை கட்டாயம் இருக்கட்டும். கேட்டால் கட்டட நிர்வாகம் பத்து நாளுக்குள் தரவேண்டும், வரியோடு 100 டொலருக்கு மேல் வாங்க முடியாது. சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய நிதி ஆய்வு எப்போது நடந்தது, வழக்கு ஏதும் உண்டா, விசேட அறவீடு வருகிறதா, விற்பவர் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறாரா, எல்லாம் அதில் இருக்கும். கொண்டோ சந்தை படுத்திருக்கிற நேரத்தில் இந்த நிபந்தனையை விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில்.

இரண்டாவது வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி: நீங்கள் குடியிருக்க வாங்கினால், விற்பவர் அவர்களுக்கு N12 என்ற, வெளியேறச் சொல்லும் படிவம் கொடுத்து 60 நாள் அவகாசமும் ஒரு மாத வாடகையும் தரவேண்டும். அவர்கள் போகமாட்டோம் என்றால் வாடகைத் தீர்ப்பாயம். அங்கே வரிசை நீளம். வெறுமையாக ஒப்படைக்க வேண்டும் என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டால் சாமானோடு தெருவில் நிற்பது நீங்கள்.

இனி முக்கியமானது. கணக்கப்பிள்ளை அண்ணா "முதல் வீடுதானே" என்று கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. வரிக்கழிவுக்கு முதல் வீடு என்றால் கனடாவில் முதல் வீடு இல்லை. உலகத்தில் எங்கேயும் ஒரு வீட்டுக்கோ வீட்டின் ஒரு பங்குக்கோ சொந்தக்காரராக இருந்திருக்கக் கூடாது. உங்களுக்குச் சீதனமாக ஊரில் வீடு எழுதியிருக்கிறார்களா?

மல்லிகைப்பந்தல் | புதன், இரவு 8:55

இதை வாசித்துவிட்டு வேலையிலேயே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஆம். சுன்னாகத்து வீடு என் பெயரில்தான். கலியாணத்துக்கு முதல் அம்மா உறுதி எழுதினார், தனக்குச் சீவிய உரித்து, அதாவது தான் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கிற உரிமை, வைத்துக்கொண்டு. இப்போது அங்கே சித்தப்பாவின் மகன் இருக்கிறான், வாடகை என்று ஒன்றும் இல்லை, கிணற்றையும் மாமரத்தையும் பார்த்துக்கொள்கிறான். நான் அந்த வீட்டில் கடைசியாகப் படுத்தது பதினோரு வருடத்துக்கு முன். அது எனக்குச் சொந்தம் என்பதே இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கணவரின் பெயரில் மட்டும் வாங்கினால்?

பச்சைத்தண்ணி | புதன், இரவு 9:20

அக்கா, சுன்னாகத்து உறுதியை இங்கே எவன் தேடப் போகிறான்? பேசாமல் முதல் வீடு என்று போடுங்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

அரைவக்கீல் | புதன், இரவு 9:48

பச்சைத்தண்ணி, நீங்கள் சொல்லுவது பொய்ச் சத்தியம். கையெழுத்து வைப்பது அக்கா, நீங்கள் அல்ல. உங்கள் கருத்து நீக்கப்பட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

அக்கா, கணவரின் பெயரில் வாங்கினாலும் பிரச்சினை தீராது. வாங்குகிறவரின் துணை, அவர்கள் கணவன் மனைவியாக இருக்கிற காலத்தில் எங்கேயாவது வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தாலே கழிவு கிடையாது. கலியாணத்துக்கு முன்னமே விற்றிருந்தால் கதை வேறு. அம்மாவின் பெயரில் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த வீடு உங்களுக்கு வருமுன் அம்மாவுடையதுதானே.

ஆனால் மனதை விடாதீர்கள். எஃப்எச்எஸ்ஏ என்ற முதல்வீட்டுச் சேமிப்புக் கணக்குக்கும், ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் இருந்து 60,000 வரை எடுக்கிற திட்டத்துக்கும் விதி வேறு. அங்கே, உங்கள் சொந்த வீட்டில் இந்த வருடமோ முந்தைய நாலு வருடங்களிலோ வசித்தீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பேஸ்மெண்டில்தான் வசித்தீர்கள். சீவிய உரித்துள்ள உறுதியை எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்து, எல்லாவற்றையும் மறைக்காமல் லோயரிடம் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர் | புதன், இரவு 10:02

பச்சைத்தண்ணியின் கருத்தை நீக்கவில்லை, பதில்கள் அதைத் தொட்டுப் போவதால். வருமானக் கடிதம் "செய்து" தருவதாகத் தனிமடல் அனுப்பிய ஒருவரை மட்டும் தடை செய்திருக்கிறோம். அவருடைய மடல் வந்தவர்கள் பதில் போடாதீர்கள்.

கணக்கப்பிள்ளை | வியாழன், காலை 7:15

என் கணக்கைத் திருத்துகிறேன். 5,235 இல்லை, முழு 13,710. நான் கேட்காமலே கழித்தது பிழை. என் மனைவிக்கும் ஊரில் சீதன வீடு இருக்கிறது. எங்களுக்கு அப்போது கழிவு கிடைக்காததன் காரணத்தை லோயர் அலுவலகம் விளங்கப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. பதினாறு வருடம் கழித்து இன்றைக்கு விளங்குகிறது.

வடமராட்சியான் | வியாழன், காலை 9:30

காணி காணி என்று நான்தான் கத்தினேன். அந்தக் காணியே இப்போது பிள்ளைக்கு 8,475 டொலர் செலவு வைக்கிறது. சரி, நான் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து_மார்க்கம் | வியாழன், மாலை 6:10

ஒரு சந்தேகம். வேலைக்கு எப்படிப் போவீர்கள்? ஸ்காபரோ ஆர்டி ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதும் ஒரேயடியாக மூடிவிட்டார்கள் அல்லவா?

மல்லிகைப்பந்தல் | வியாழன், இரவு 9:00

லோரன்ஸ் – மக்கோவன் பக்கம் வைத்தியசாலையில் வேலை. பஸ் ஒன்றே போதும். சுரங்க ரயில் நீட்டிப்பில் வரப்போகிற மூன்று நிலையங்களில் ஒன்று அந்தச் சந்தியில், இன்னொன்று ரவுண் சென்ரரில். எப்போது வரும் என்று நம்பி வாங்கவில்லை. அது வருகிற நேரம் மகன் வேலைக்குப் போவான்.

ஏஜாக்ஸ் போனால் கணவர் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு அம்மா மாலைவரை வீட்டுக்குள்தான். அண்ணாவின் வீட்டில் இரண்டு கிழமை நின்றபோது பார்த்தேன். பின்வளவில் தோட்டம் இருக்கிறது, கதைக்க ஆள் இல்லை. இங்கே மருந்துக்கடை, நூலகம், மரக்கறிக்கடை எல்லாம் அம்மாவின் நடைக்குள். லிப்டுக்குள் ஏறினால் நாலு மொழி கேட்கிறது. எதுவுமே விளங்காவிட்டாலும் அம்மாவுக்கு அது ஊர்ச் சந்தை மாதிரி இருக்கிறதாம்.

மூன்று கிழமைக்குப் பிறகு

மல்லிகைப்பந்தல் | சனி, பகல் 2:20

செய்தி இதுதான். 2004 கட்டடத்துக்கு இன்னொரு தரம் போய்ச் சிங்குக்குக் கீழே பார்த்தோம். நீலம், செம்மஞ்சள். குழாய்க்காரன் அண்ணாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வெளியே வந்தோம்.

பழைய கட்டடத்துக்கு நிபந்தனையோடு ஒப்பர் கொடுத்தோம். சொந்தக்கார ஏஜெண்ட் முகம் கோணினார், ஆனால் எழுதினார். ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேட் ஏழாம் நாள் வந்தது. சேமிப்பு நிதி மோசமில்லை. கார் நிறுத்துமிடப் படலத்தை அடுத்த வருடம் திருத்தப் போகிறார்கள், அதற்கான காசு நிதிக்குள் இருக்கிறது. ஆனால் கட்டணம் வருகிற மூன்று வருடமும் கூடுகிறது என்று திட்டத்தில் போட்டிருக்கிறார்கள். நான் கீழே போய்ப் பார்த்தேன். துருக்கறை இருந்தது, தகரத் தட்டும் இரண்டு இருந்தது. படம் எடுத்து லோயருக்கு அனுப்பினேன்.

அதைக் காட்டிப் பேரம் பேசியதில் 498,000க்கு முடிந்தது. வரி முழுதாக 12,870. கழிவு இல்லை. சுன்னாகத்து வீட்டை லோயரிடம் சொன்னோம், அவரும் அரைவக்கீல் தம்பி சொன்னதைத்தான் சொன்னார். வீட்டுக்குத் திரும்பி வரும்போது அம்மா, "அந்த வீட்டை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாமோ" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மாம்பழம் யார் தருவது?" என்று மகன் கேட்டான்.

பதினேழாம்_மாடி | சனி, பகல் 3:00

கேட்கச் சந்தோசமாக இருக்கிறது மல்லிகை. பாக்கி வேலை சொல்லுகிறேன். வீட்டுக்காப்புறுதி சாவி வாங்குகிற நாளுக்கு முதலே எடுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுக்குப் போனால், கட்டடக் காப்புறுதியில் முதலில் கட்டுகிற தொகை உங்கள் தலையில் விழலாம். அதற்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சாமான் ஏற்ற லிப்டை இப்போதே பதியுங்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை என்றால் எல்லோரும் அடிபடுவார்கள். முற்பணம் கேட்பார்கள், சுவரில் கீறல் விழாவிட்டால் திருப்பித் தருவார்கள். அப்புறம், வருடாந்தக் கூட்டத்துக்குப் போங்கள். போதிய வீட்டுக்காரர் வராவிட்டால் கூட்டமே நடக்காது.

வடமராட்சியான் | சனி, பகல் 3:25

என்னிடம் பிக்கப் வண்டி இருக்கிறது தங்கச்சி. நாள் சொல்லுங்கள், வருகிறேன். உங்கட அண்ணாவையும் வரச் சொல்லுங்கள், கட்டில் தூக்க ஆள் வேண்டும்.

மல்லிகைப்பந்தல் | சனி, பகல் 3:40

அண்ணாவும் வருகிறார். கதைப்பதை நிறுத்திவிட்டு ரேப்பும் பெட்டியும் வாங்கி வைத்திருக்கிறார். ஒன்பது மணிக்கு லிப்ட் கிடைத்திருக்கிறது. அதற்கு முதல் விடியவே போய்ப் பால் காய்ச்ச வேண்டும் என்று அம்மா நாள் பார்த்துவிட்டார்.

குழாய்க்காரன் | சனி, மாலை 4:15

பால் காய்ச்சும்போது அடுப்பு விசிறியைப் போட்டு யன்னலையும் திறந்து வையுங்கள், கற்பூரம் கொஞ்சமாய்க் கொளுத்துங்கள். புகை முட்டினாலும் பல்கனிக் கதவைத் திறவுங்கள், நடைபாதைக் கதவைத் திறக்காதீர்கள். அங்கே உள்ள கருவிதான் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். எங்கள் வீட்டுப் பாலுக்கு மூன்று தீயணைப்பு வண்டி வந்தது.